கணினித் தொழிலுக்கும் கணக்கு நோட்டு வேண்டும்



கறவை மாடு வாங்க ஒரு உறுப்பினர் கடன் கேட்டால் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்? தீவனத்துக்கு என்ன வழி, பாலை எங்கே ஊற்றுவீர்கள், மாடு வற்றிப் போனால் தவணை எப்படிக் கட்டுவீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டுத்தான் தீர்மானம் போடுகிறோம். ஆனால் லேப்டாப் வாங்கக் கடன் கேட்டால்? "அது கம்ப்யூட்டர் சமாச்சாரம், நமக்கு என்ன தெரியும்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இந்தப் பாடம் அதைப் பற்றித்தான்.

நடந்தது என்ன?

சதுரங்கப்பட்டினத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் நம் உறுப்பினர். அவருடைய மகள் கணினி படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். "தினமும் நாலு மணி நேரம் பஸ்ஸிலேயே போகுது, வீட்டிலிருந்தே சொந்தமா செய்யறேன்" என்று வேலையை விட்டு வந்தாள். அம்மா குழுவில் 48,000 ரூபாய் உள்கடன் வாங்கி லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். 24 தவணை. மாதம் அசல் 2,000, அதற்கு மேல் வட்டி.

முதல் வேலை சீக்கிரமே கிடைத்தது. ஒரு வியாபாரிக்குக் கணக்குப் பார்க்கும் சாஃப்ட்வேர். 25,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சு. முன்பணம் இல்லை, எழுத்து இல்லை. வேலை முடிந்தது. ஆனால் அவர் "இதைக் கொஞ்சம் மாத்தும்மா, அதைக் கொஞ்சம் சேர்த்துக் குடும்மா" என்று நாலு மாதம் இழுத்தார். பணம் வரவில்லை. அந்த நாலு தவணையும் அம்மா மீன் விற்ற காசில் கட்டினார். ஐந்தாவது கூட்டத்தில் கட்ட முடியவில்லை. தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணுக்கு வேலை தெரியும்க்கா, ஆனா காசு கேக்கத் தெரியலை" என்றார். நமக்குச் சுருக்கென்றது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காதது நம் தவறும்தானே? அன்று தவணையைத் தள்ளி வைத்தோம். மகளையும் கூட்டத்துக்கு வரச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறோம்.

1. கூலியை எப்படி நிர்ணயிப்பது?

மகள் சொன்ன கணக்கு இது: மாதம் 19,500 ரூபாய் வேண்டும். வீட்டுக்கு 12,000, கடன் தவணை வட்டியோடு 2,500, இன்டர்நெட், போன், கரண்ட், போக்குவரத்து 2,000, கையிருப்புக்கு 3,000. வேலை நாள் 26. அப்படியானால் நாள் கூலி 750.

இங்கேதான் தப்பு. 26 நாளும் கூலி வேலை கிடைக்குமா? வாடிக்கையாளரைத் தேட, பேச, விலை எழுதிக் கொடுக்க, பழுது பார்க்க, புதிதாகக் கற்க என்று பாதி நாள் போய்விடும். அதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். கூலி கிடைப்பது 13 நாள் என்று வைத்தால், 750 வீதம் 9,750தான் கைக்கு வரும். தேவையில் பாதி! ஆகவே நாள் கூலி 1,500 என்று கேட்டால்தான் கட்டுப்படியாகும். மீன் விற்கும் நமக்கு இது தெரியாததா? கூடையில் மிஞ்சும் மீனுக்கும் சேர்த்துத்தானே விலை சொல்கிறோம்!

2. முன்பணமும் எழுத்தும்

என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு பணம், எத்தனை முறை திருத்தம் இலவசம் என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தொகையை மூன்றாகப் பிரிக்கலாம். தொடங்கும் முன் ஒரு பங்கு, பாதி வேலையில் ஒரு பங்கு, ஒப்படைக்கும்போது மீதி. கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசு.

உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் இணையத்தில் நாமே செய்யலாம். பதிவு செய்த குறுந்தொழிலுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கும். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும். வேலை எடுக்கும் முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது.

3. தனிக் கணக்கு, தனி நோட்டு

தொழில் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். வரவு முழுவதும் அதில் விழ வேண்டும். அதிலிருந்து மாதம் ஒரே தேதியில் 12,000 மட்டும் வீட்டுக்கு எடுக்கலாம். ஒரு மாதம் 40,000 வந்தாலும் 12,000தான். மீதி அடுத்த மாதத்துக்கு.

மகளிடம் கணக்கு நோட்டே இல்லை! அம்மா குழுவின் ரொக்கப் புத்தகத்தைக் காட்டி, "இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, ராத்திரி இருப்பு பார்த்துட்டுத்தான் படுக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார். கூட்டமே கை தட்டியது.

4. தடைக்கால இருப்பு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடலில் விசைப்படகுக்குத் தடை. அது தேதி தெரிந்த தடை. சொந்தமாகக் கணினி வேலை செய்பவருக்கும் தடைக்காலம் உண்டு, ஆனால் எப்போது வரும் என்று தெரியாது. அதனால் மூன்று மாதச் செலவு, அதாவது 58,500 ரூபாய் சேரும் வரை கையிருப்பைத் தொடக் கூடாது. அதில் லேப்டாப் பழுதும் அடங்கும்.

நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, கூடுவாஞ்சேரி பக்கம் ஜோஹோ நிறுவனம் இருக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் சிறியதாகத் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் ஸ்ரீதர் வேம்பு. வெளி முதலீட்டாளர் பணம் வாங்காமல், சம்பாதித்ததைத் தொழிலிலேயே போட்டு வளர்ந்தார்கள். 2001 வாக்கில் தொலைத்தொடர்புத் தொழில் சரிந்து வாடிக்கையாளர்கள் குறைந்தபோதும் நிலைத்து நின்று, வேறு வகை மென்பொருள் செய்து விற்றார்கள். பெரிய கம்பெனிக்கும் வற்றிய காலம் வந்தது, பாருங்கள்! ஒரே வாடிக்கையாளரை, ஒரே வகை வேலையை நம்பி இருக்கக் கூடாது என்பது நமக்குப் பாடம்.

5. வரி என்றால் பயப்பட வேண்டாம்

பணம் தரும் கம்பெனி வருமான வரியாக ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு தரலாம். அது நம் பான் எண்ணில் சேரும். வருமானக் கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்ப வரும். தாக்கல் செய்யாவிட்டால் நம் காசு அங்கேயே நின்றுவிடும். கணினித் தொழில் செய்பவர், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய முறை உண்டு. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவை. தாக்கல் செய்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வங்கிக் கடனுக்கு அதுதான் சாட்சி.

இப்போது அந்த மகள் பாதி நாள் ஒரு கடைக்குக் கணக்கு வேலை பார்க்கிறாள், பாதி நாள் சொந்தத் தொழில். முன்பணம் இல்லாமல் லேப்டாப்பைத் திறப்பதில்லை. பழைய 25,000 இன்னும் வரவில்லை. ஆனால் தள்ளி வைத்த தவணை அடைந்துவிட்டது. அம்மா கூட்டத்தில் நிமிர்ந்து உட்காருகிறார்.

குழுவில் பேசுவோம்:

• நம் பிள்ளைகளில் யார் சொந்தமாகக் கணினி வேலை செய்கிறார்கள்? அவர்களிடம் கணக்கு நோட்டு இருக்கிறதா?
• லேப்டாப் கடனுக்குத் தீர்மானம் போடும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் எவை?
• வருமானம் வராத மாதத்தில் தவணைக்கு என்ன ஏற்பாடு?

ஊக்குநர்கள் இதை அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டி, பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கணினி நமக்குத் தெரியாமல் இருக்கலாம். கணக்கு நமக்குத் தெரியும், சகோதரிகளே!