வீட்டு மரத்தைப் பலகையாக்கும் தொழில்

2020 மே 20 அன்று அம்பன் புயல் அடித்தபோது கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வழியை மறித்த மரத்தைத் துண்டு போட்டு அப்புறப்படுத்துவதுதான் அன்றைக்கு முதல் வேலை. ஆனால் துண்டு போட்ட மரம் விறகுக்குத்தான் ஆகும். வீட்டு மனைக்குள் விழுந்த பலாவையும் மகோகனியையும் எட்டடி நீளத்தில் விட்டிருந்தால் மேசை, கதவு, அலமாரி எல்லாம் வந்திருக்கும். நகரின் ஜாதவ்பூர் போன்ற பழைய குடியிருப்புப் பகுதியில், மரம் விழுந்த வீட்டுக்குப் போய் அளந்து, அறுத்து, காயவைத்துக் கொடுக்கிற ஆளுக்கு வேலை இருக்கிறது. இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்குச் சில விஷயங்கள்.

முதலில் அனுமதி. மேற்கு வங்கத்தில் வனமல்லாத பகுதி மரங்களுக்கென 2006-இல் வந்த பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மரம் உங்கள் மனையிலேயே நின்றாலும் வெட்டுவதற்கு முன் அனுமதி வேண்டும். தானாக விழுந்த மரமானாலும் படம் எடுத்து, வனத்துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடுங்கள். வண்டியில் ஏற்றுவதற்குப் போக்குவரத்துச் சீட்டு தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. மரவாடிகளில் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 60 அங்குலச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள மரம் இந்தக் கணக்கில் 15.6 கன அடி. உருளையின் உண்மையான கன அளவோ 19.9. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அறுப்புக் கழிவென்று முன்கூட்டியே தள்ளிவிடுகிறது இந்தக் கணக்கு. மரத்தை விற்பவர் இதைத் தெரிந்துகொண்டு விலை பேச வேண்டும். வாங்கும் நீங்களும் அவருக்கு இதை விளக்கிச் சொன்னால் நல்ல பெயர் கிடைக்கும். இந்தத் தொழில் வாய்வார்த்தையில்தான் வளரும்.

ரம்பம் வாங்க அவசரப்படாதீர்கள். செயின் ரம்பம் ஓர் அறுப்புக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். மெல்லிய பட்டை ரம்பம் (பேண்ட் சா) 2 மில்லிமீட்டர்தான். பத்து அறுப்பில் மூன்று அங்குல மரம் போவதற்கும் முக்கால் அங்குலம் போவதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஆனால் சொந்தமாக அறுவை மில் வைக்க உரிமம் வேண்டும். 2002-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டதிலிருந்து அது எளிதில் கிடைப்பதில்லை. கொல்கத்தாவின் நிம்தலா பக்கம் மரக்கடைகளும் மில்களும் பல காலமாக இருக்கின்றன. உரிமம் உள்ள மில்லில் கூலிக்கு அறுத்து வாங்குவதே தொடக்கத்துக்குப் போதும்.

நகரத்து மரத்தில் ஆணி இருக்கும். விளம்பரப் பலகை, கொடிக் கம்பி, மின்சார வயர் என்று எத்தனையோ தலைமுறையாக அடித்தவை மரத்துக்குள் புதைந்துபோயிருக்கும். அறுத்த முனையில் கருநீலமாக ஒரு திட்டு தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். சிறிய உலோகம் காட்டும் கருவி வாங்கி, மில்லுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு கட்டையையும் சோதியுங்கள். ஓர் ஆணி பட்டால் ரம்பப் பட்டையே போய்விடும். பட்டை தெறித்தால் ஆளுக்கும் ஆபத்து.

உண்மையான வேலை அறுத்த பிறகுதான். கொல்கத்தா ஈரக் காற்று வீசும் ஊர். பலகையை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும், கோணிக்கொள்ளும். மாமரத்தில் நீலக்கறை சீக்கிரம் ஏறும், வண்டும் விழும். ஆகவே கட்டையை வெட்டிய சில நாளிலேயே அறுத்துவிடுங்கள். முனைகளில் மெழுகோ தடித்த பெயிண்ட்டோ பூசினால் வெடிப்பு குறையும். அறுத்ததும் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசுங்கள். இரண்டடிக்கு ஒன்றாக ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, கீழ்வரிசை ரீப்பருக்கு நேர்மேலே மேல்வரிசை ரீப்பர் வரும்படி அடுக்குங்கள். மேலே கூரை, கீழே தரையிலிருந்து ஒன்றரை அடி இடைவெளி, நாலு பக்கமும் காற்று. நவம்பரில் அறுத்தால் மழைக்கு முன் பல மாதம் கிடைக்கும். ஓர் அங்குலக் கனம் காய ஓராண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். வெயில் ஊரில் மெல்லிய பலகைக்கு அவ்வளவு ஆகாது. ஆனாலும் ஈரமானியில் 12 முதல் 15 விழுக்காடு காட்டும் வரை ஆசாரி கையில் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் முறையாகப் படிக்க விரும்புகிறவர்கள் பெங்களூரு மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் குறுகிய காலப் பயிற்சிகளை விசாரிக்கலாம். அதற்கு முன் ஏதாவது ஒரு மில்லில் சம்பளம் பார்க்காமல் சில மாதம் வேலை செய்யுங்கள். எந்த மரத்தில் உள்ளே இருக்கும் வைரம் எங்கே முடிகிறது, வெளியே இருக்கும் வெள்ளை எங்கே தொடங்குகிறது என்பது அங்கேதான் கண்ணுக்குப் பழகும்.