மலையில் வைக்கிற உலை

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வேப்பந்தட்டையிலிருந்து வேன் கிளம்பும். ஆத்தூர், சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம், ஊட்டி. பின் இருக்கைக்குக் கீழே அரிசிப் பை, குக்கர், அடுப்பு எல்லாம் ஏறும். போன வருஷம் போய்வந்தவர்கள் சொல்லியனுப்பிய யோசனைகளும் கூடவே ஏறும். ஏறாமல் இருந்தால் நல்லது என்று நினைக்கத் தோன்றுகிற சில யோசனைகள் இங்கே.

‘ஊட்டிக் குளிருக்குச் சோறு வேகாது.’ வேக நேரமாகும் என்பது உண்மை. ஆனால் பழி குளிர் மேல் இல்லை, காற்றழுத்தத்தின் மேல். உயரம் கூடக்கூட காற்றழுத்தம் குறையும். தண்ணீரும் சீக்கிரமே கொதிநிலையைத் தொட்டுவிடும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அங்கே உலை 93 டிகிரியை எட்டுவதற்குள் தளதளவென்று கொதிக்கும். பனிச்சறுக்குக்குப் பேர்போன காஷ்மீர் குல்மார்க்கில், 2,650 மீட்டரில், 91 டிகிரிதான். கொதிப்பதைப் பார்த்து நாம் ஏமாந்துபோகிறோம். நம்மூர் கொதிப்பு வேறு, அந்தக் கொதிப்பு வேறு.

உடனே ஒருவர், ‘தீயைக் கூட்டி வை’ என்பார். கொதிக்கிற தண்ணீருக்கு அதற்கு மேல் சூடேறாது. ஆவிதான் கூடும், கேஸ்தான் தீரும். அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, மூடி போட்டு, சிறு தீயில் விடுவதே சிக்கனம். குக்கர் இருந்தால் இன்னும் நல்லது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தத்தை வெயிட் உள்ளே பிடித்து வைக்கிறது. இங்கே 120 டிகிரி வரை போகிற அதே குக்கர் ஊட்டியில் 116 டிகிரி அளவில் நிற்கும். ஒரு விசில் கூட விட்டால் கணக்கு சரியாகிவிடும். பருப்பு வேகாததற்கு மலையைத் திட்டுகிறவர்கள், புளியை எப்போது ஊற்றினோம் என்று யோசித்துப் பார்க்கலாம். புளிப்பு சேர்ந்தால் பருப்பு எந்த ஊரிலும் மசிய அடம்பிடிக்கும்.

‘அங்கே ஊரே ஃபிரிட்ஜ்தானே, மிச்சச் சோறு கெடாது.’ எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். ஃபிரிட்ஜுக்குள் 5 டிகிரிக்குக் கீழே; கோடைக்கால ஊட்டியில் பகலில் 20 டிகிரிக்கு மேலேயே போகும். சோற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் வெந்தாலும் சாவதில்லை. ஆறிய சோற்றில் அவை பெருகி விடுகிற நஞ்சு, மறுபடி சுடவைத்தாலும் போகாது. புளியோதரை ஒரு நாள் தாங்குவது புளியாலும் நல்லெண்ணெயாலும். அந்தத் தைரியத்தைத் தேங்காய்ச் சாதத்துக்குக் கொடுக்காதீர்கள். தயிர்சாதத்துக்குப் பாட்டிமார் வழியே வழி: பாலை நிறைய ஊற்றி, ஒரே கரண்டி தயிர் விட்டுப் பிசைந்தால், மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது பதமாக உறைந்திருக்கும்.

‘ரயிலில் சின்ன சிலிண்டர்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?’ 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று எரிந்தது. லக்னோவிலிருந்து வந்தவர்கள் மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம். ஒன்பது பேர் இறந்தார்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி இதற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. பூட்டிய விடுதி அறைக்குள் குளிருக்காகக் கரி அடுப்பு மூட்டுவதும் இதே ரகம்தான். அதன் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனைகூடக் கிடையாது.

‘எல்லாவற்றையும் ஊரிலிருந்தே கட்டிப்போனால்தான் மிச்சம்.’ அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வத்தல், நம் காட்டுச் சின்ன வெங்காயம், இவற்றைக் கட்டிப்போவது சரி. காய்கறியை எதற்குச் சுமப்பது? கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் அந்த மலையில்தான் விளைகின்றன. நாம் பெரம்பலூரில் வாங்குவதில் பாதி அங்கிருந்து இறங்கி வந்த சரக்காக இருக்கும். அதை மறுபடி மலைக்கே ஏற்றிக்கொண்டு போகிறோம். பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் வேண்டாம், தமிழ்நாடு முழுக்கவே 2019 ஜனவரியிலிருந்து தடை. நீலகிரியில் சோதனையும் கடுமை. வீட்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பதால் கிளம்பும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். செக்போஸ்ட்டில் வேன் நின்றால் முதலில் ஊசிப்போவது தயிர்சாதம்.