கலைஞரும் தொழிற்கூடமும்

முன்னுரை

பொறியியல் படித்து வெளியேறும் நம் மாணவர்களில் பலர் பாசிர் கூடாங், செனாய், தெப்ராவ் ஆகிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளில்தான் பணி வாழ்க்கையைத் தொடங்குகின்றனர். நானும் அவ்வாறு தொடங்கியவன்தான். கலை என்பது பல்கலைக்கழகத்தோடு முடிந்துவிடும் ஒரு பொழுதுபோக்கு. கலை இரவில் ஆடலாம், பாடலாம், மேடை அலங்காரம் செய்யலாம். வேலைக்குப் போன பிறகு அதற்கு இடமில்லை என்றே நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் ஒருவர். அவரைப் பற்றிக் கூறுவதற்கு முன், வணிகமும் கலையும் கைகோத்தால் என்ன விளையும் என்பதைச் சில சான்றுகளோடு பார்ப்போம்.

நாட்காட்டி சொல்லும் பாடம்

ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவான் பக்கம் மளிகைச் சாமான் வாங்கும் நம் குடும்பங்களுக்கு, ஆண்டுப் பிறப்பின்போது கடைக்காரர் தரும் சாமிப்பட நாட்காட்டியைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. நாம் சாதாரணமாக எண்ணும் அந்தப் படத்திற்குப் பின்னால் ஒரு தொழில் வரலாறு இருக்கிறது.

1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கும் பின்னர் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டன. அதனால் அவ்வூரில் அச்சகங்கள் பெருகின. அச்சகம் இருந்தால் போதுமா? அச்சிடுவதற்குப் படம் வேண்டுமே! அந்தப் படங்களைத் தந்தவர்கள் அருகிலுள்ள கோவில்பட்டி ஓவியர்கள். அவர்களுள் முதன்மையானவர் சி. கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற இவர், நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை தீட்டி வந்தார். 1940களில் கோவில்பட்டியில் தங்கி, டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய மாணவர்களை உருவாக்கினார். நாடக மேடை மங்கிய காலத்தில் அம்மேடைக்கலை நாட்காட்டிக்குள் குடியேறியது எனலாம். தூண்களும் திரையும் பின்னணியில் விரிய, நடுவே ஒளியோடு தெய்வம் நிற்கும் அந்த அமைப்பு நாடக மேடையின் கொடைதான்.

இதனால் வணிகருக்கு என்ன பயன்? செய்தித்தாள் விளம்பரம் ஒரே நாளில் பழைய தாளாகிவிடும். மீனாட்சி திருக்கல்யாணப் படமோ ஆண்டு முழுவதும் சுவரில் தொங்கும். ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் போய்விடும். படத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார்கள். கடையின் பெயர் வாடிக்கையாளரின் பூசையறை வரை சென்று சேர்ந்தது கலையின் ஆற்றலால்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். அப்படங்கள் பலவற்றின் ஓரத்தில் ஆசிரியரின் பெயரோடு மாணவரின் பெயரும் சேர்ந்தே காணப்படும். உழைத்தவரின் பெயரை மறைக்காமல் எழுதுவதும் ஒரு நிர்வாகப் பண்பாகும்.

மூவார் மண்ணின் மகள்

நம் ஜொகூரிலேயே பிறந்த சான்று ஒன்றும் உண்டு. மூவாரில் பிறந்தவர் இயக்குநர் யாஸ்மின் அகமட். லியோ பர்னெட் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய இவர், பெட்ரோனாஸ் நிறுவனத்திற்காக எடுத்த பெருநாள் விளம்பரங்களை நம்மில் மறந்தவர் யார்? தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, சுதந்திர தினம் என ஒவ்வொரு விழாவிற்கும் ஒரு குறும்படம். அவற்றில் பெட்ரோல் விற்பனையைப் பற்றி ஒரு சொல்லும் இராது. பெற்றோரை மறந்த பிள்ளைகள், இன வேறுபாடு அறியாத குழந்தைகள், இவர்களே அவருடைய கதை மாந்தர்கள்.

எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரம் மக்களைக் கண் கலங்க வைத்தது எப்படி? என் கருத்தில் விடை எளிது. பொருளை விற்கும் சுமையை அவர்மேல் ஏற்றாமல், மனிதரைப் பற்றிச் சொல்லும் பொறுப்பை நிறுவனம் அவரிடம் ஒப்படைத்தது. 2009 சூலை 25ஆம் நாள் யாஸ்மின் காலமானார். அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய 'டேலண்டைம்' திரைப்படத்தில் ஒரு தமிழ்க் குடும்பமும் இடம்பெற்றதை இங்கே நினைவுகூர்வது தகும்.

இந்தியாவின் அமுல் கூட்டுறவும் இவ்வழியில் சென்றதே. 1966இல் சில்வெஸ்டர் டகுன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் அமுல் சிறுமியை உருவாக்கினர். 1976இல் வெளிவந்த ஷியாம் பெனகலின் 'மந்தன்' திரைப்படத்திற்குக் குசராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் தந்து தயாரிப்பாளர்கள் ஆயினர். தங்கள் உழைப்பின் கதைக்குத் தாங்களே முதலாளிகள்! உறுப்பினரின் பெருமித உணர்வை வளர்க்க இதைவிடச் சிறந்த வழி வேறென்ன?

தொழிலாளிக்கு என்ன பயன்?

இதுவரை கண்டவை பெரும்பாலும் வாடிக்கையாளரை நோக்கிய கலை. தொழிற்கூடத்தின் உள்ளே கலைஞருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இத்தாலியின் இவ்ரேயா நகரில் தட்டச்சுப் பொறி செய்த ஒலிவெட்டி நிறுவனம் இதற்கு விடையளித்தது. அட்ரியானோ ஒலிவெட்டி ஓவியர்களையும் கவிஞர்களையும் பணியில் அமர்த்தினார். மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்த 'லெத்தெரா 22' 1950இல் சந்தைக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. அதைவிட வியப்பானது, பாவ்லோ வோல்போனி என்ற கவிஞர் அங்கே தொழிலாளர் நலப் பிரிவைக் கவனித்தார் என்பது. ஆலையில் நூலகமும் சொற்பொழிவும் இருந்தன. 2018இல் இவ்ரேயாவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. கலை இருந்தால் நிறுவனம் வீழாது என்று நான் கூறவில்லை. ஒலிவெட்டியும் பின்னர்ச் சரிந்தது. ஆனால் அங்கு உழைத்தவர்களின் வாழ்வு வளம் பெற்றது உண்மை.

இலண்டனில் 1966இல் பார்பரா ஸ்டெவனியும் ஜான் லேதமும் ஓர் அமைப்பைத் தொடங்கி, கலைஞர்களை எஃகு ஆலை போன்ற இடங்களுக்கு அனுப்பினர். அவர்களின் விதி புதுமையானது: நிறுவனம் கலைஞருக்கு ஊதியம் தர வேண்டும்; ஆனால் 'இன்னதைச் செய்து கொடு' என்று கட்டளையிடக் கூடாது. முதலில் அவர் பார்க்கட்டும், பழகட்டும் என்பதே நோக்கம். இவ்விதியின் பொருளை நான் நேரில் உணர்ந்தேன்.

நான் கண்ட ஓவியர்

நான் முன்பு பணியாற்றியது நெகிழிப் பொருள் வார்க்கும் ஓர் ஆலை. நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் தொழிலாளர்கள் அதிகம். பாதுகாப்பு அறிவிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தன. அவற்றை யாரும் படிப்பதில்லை. படமாக வரைந்து வைப்போம் என்று முடிவு செய்து, லாரிகளுக்கும் கோயில்களுக்கும் வண்ணம் தீட்டிப் பழகிய பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம்.

வந்தவர் தூரிகையை எடுக்கவில்லை. மூன்று நாள் இயந்திரங்களின் அருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. "எப்போ ஆரம்பிப்பீங்க, ஐயா?" என்றேன். "தம்பி, அந்தக் கதவு ஏன் கம்பி போட்டுக் கட்டியிருக்கு? அதைச் சொல்லுங்க, வரைஞ்சிடலாம்" என்றார்.

நான் திகைத்துப் போனேன். வார்ப்பு இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவு திறந்தால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். அதற்கான விசையைக் கம்பியால் கட்டி அழுத்தி வைத்து, கதவு திறந்திருக்கும்போதே இயந்திரத்தை ஓட்டியிருக்கிறார்கள். காரணத்தை நேப்பாளத் தொழிலாளி ஒருவர் அவரிடமே சைகையில் விளக்கினார். அச்சின் தள்ளு ஊசிகள் தேய்ந்துவிட்டதால் பொருள் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து, நிறுத்தி, கையால் எடுத்தால் அன்றைய எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் ஏச்சு விழும். அதனால்தான் கம்பி. இயந்திரத்தை அன்றாடம் கடந்து சென்ற பொறியாளர்கள் நாங்கள் கவனிக்காததை, பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் கண்டுகொண்டார். தொழிலாளியும் மேலதிகாரியிடம் சொல்லத் தயங்கியதை அவரிடம் சொன்னார்.

அச்சைப் பழுதுபார்த்தோம், கம்பியை அகற்றினோம். அவர் ஓவியமும் வரைந்தார். கண்ணுக்கு எட்டாத சுவரில் அல்லாமல், கை படும் கதவிலேயே வரைந்தார். இத்தனை செய்தவருக்கு எங்கள் நிறுவனம் சுவருக்குச் சாயம் பூசும் கணக்கில், சதுர அடிக்கு இவ்வளவு என்று கொடுத்தது. அந்தத் தாளில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். மூன்று நாள் பார்வைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அந்தக் குறை இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

கவனிக்க வேண்டியவை

கலைஞரோடு சேர்ந்து செயல்பட விரும்புவோர் மூன்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, கலைஞர் நாம் விரும்பாததையும் காட்டக்கூடும். 2013 நவம்பரில் ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச், ஜொகூர் பாருவில் சுவரோவியம் ஒன்றைத் தீட்டினார். கைப்பையோடு நடக்கும் லெகோ பொம்மைப் பெண். மூலையில் கத்தியோடு காத்திருக்கும் திருடன். நகராண்மை அதை வெள்ளையடித்து மறைத்தது. அதற்குள் படம் இணையத்தில் பரவிவிட்டது. இதே ஓவியர் 2012இல் பினாங்கு ஜார்ஜ் டவுனில் வரைந்த ஓவியங்களோ சுற்றுலாப் பயணிகளை அத்தெருக்களுக்கு ஈர்த்தன. ஒரே கை, இரு வேறு வரவேற்பு. கம்பியைக் காட்டிய பெரியவரை நாங்கள் வெளியே அனுப்பியிருந்தால் அக்கம்பி அங்கேயே இருந்திருக்கும்.

இரண்டாவது, ஒப்பந்தம். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பிறர் கேட்டுச் செய்து கொடுத்த படைப்பின் உரிமை கேட்டவருக்கே போய்ச் சேரும். பல கலைஞர்களுக்கு இது தெரியாது. எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்துவோம், பெயர் போடுவோமா என்பதை முன்னரே எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

மூன்றாவது, ஊதியம். வரைந்த நேரத்திற்கு மட்டுமின்றி, பார்த்த நேரத்திற்கும் கேட்ட நேரத்திற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

முடிவுரை

மாணவ நண்பர்களே, நிறுவனங்களுக்கு அறிவுரை கூறும் முன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். கலை இரவுக்கு மேடை அமைப்பவர், உறுமி மேளக் குழுவினர், மலருக்கு அட்டைப்படம் வரைபவர் ஆகியோரிடம், "நம்ம தமிழ்ச் சங்கத்துக்குத்தானே, பார்த்துச் செய்யுங்க" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? ஒலிபெருக்கி வாடகையை மட்டும் குறையாமல் கட்டிவிடுகிறோம். அடுத்த நிகழ்ச்சியின் வரவு செலவுத் திட்டத்தில் கலைஞர் ஊதியம் என்று தனி வரி ஒன்றை எழுதிப் பழகுவோம். தொகை சிறிதாயினும் பரவாயில்லை. இங்கே அப்படிப் பழகியவர், நாளை பாசிர் கூடாங்கில் மேலாளராக அமரும்போது ஒரு கலைஞரைச் சதுர அடியால் அளக்க மாட்டார். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.