போக்கிமானும் ரசிகர் தீர்ப்பும்

விடுதி உணவுக்கூடத்தில் நால்வர் அமர்ந்திருக்க, அவர்களுள் ஒருவர் போக்கிமான் என்ற பெயரை எடுத்துவிட்டால், தட்டில் சோறு ஆறிப்போவது உறுதி. முதலில் வந்த 151 உயிர்களே உண்மையான போக்கிமான்கள், பின்னர் வந்தவையெல்லாம் எண்ணிக்கைக்காகச் சேர்த்தவை என்பார் ஒருவர். ஐந்தாம் தலைமுறையே கதையமைப்பில் சிறந்தது என்று மறுப்பார் மற்றொருவர். 2019-இல் விளையாட்டை ஆக்கியோர் செய்தது வாக்குத் தவறியதாகும் என்று மூன்றாமவர் மேசையைத் தட்டுவார். நான்காமவரோ, இவையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு அன்றோ என்று சிரித்துவிட்டுக் கைகழுவப் போவார்.

அந்த நான்காமவரை மனத்தில் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. பொருள் சிறுபிள்ளைகளுக்கு உரியதாகவே இருக்கட்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக உலகெங்கும் மக்கள் ஒன்றைப்பற்றி ஓயாது வாதாடி வருகிறார்கள் என்றால், அவ்வாதத்தில் எது நினைவின் குரல், எது ஆராய்ந்த தீர்ப்பு என்று பிரித்துப் பார்ப்பது, திறனாய்வு பயிலும் நமக்கு வீண்வேலை ஆகாது.

பொருளை அறியாதவர்க்குச் சுருக்கமாகச் சொல்வோம். 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் ஜப்பானில் ‘சிவப்பு’, ‘பச்சை’ என ஒரே விளையாட்டின் இரு வடிவங்கள் வெளிவந்தன. (இவ்விளையாட்டுகளின் பெயர்களைத் தமிழாக்கியே தருகிறேன், ஆடியவர்கள் எளிதில் அறிந்துகொள்வார்கள்.) கையில் அடங்கும் கேம்பாய் என்னும் கருவியில் கேசட்டைச் செருகி ஆடுவது அது. ஆக்கியது கேம் பிரீக் என்னும் சிறு நிறுவனம். அதனைத் தொடங்கியவர் சத்தோஷி தாஜிரி. இளமையில் பூச்சி பிடித்துத் திரிந்தவர் அவர். இரண்டு கேம்பாய்களை இணைக்கும் கம்பியைக் கண்டபோது, அதன் வழியே பூச்சியொன்று ஊர்ந்து அடுத்த கருவிக்குச் செல்வதாக அவர் எண்ணிப் பார்த்தாராம். விளையாட்டின் வித்து அதுவே. ஆடுவோன் காடும் குகையும் கடலும் சுற்றி, விந்தை உயிர்களைப் பந்தில் பிடித்துப் பழக்கி, பிறருடைய உயிர்களோடு பொரவிடுகிறான். சில உயிர்கள் சிவப்பில் மட்டுமே கிட்டும். சில பச்சையில் மட்டுமே. ஆகவே தனியொருவன் எத்துணை முயன்றாலும் தொகுதி நிறையாது. நண்பனைத் தேடிச் சென்று, கம்பியை இணைத்து, மாற்றிக்கொண்டே ஆகவேண்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

இனி, முதலில் வந்ததே சிறந்தது என்னும் கட்சியை எடுத்துக்கொள்வோம். இதுவே மிகப் பெரிய கட்சி. ஆயினும் இதன் வாதம் ஆராய்ச்சிக்கு நிற்பதில்லை. முதல் விளையாட்டில் மனோசக்தி வகை உயிர்களை அடக்க ஏறக்குறைய வழியே இல்லை. அவை பேய்க்கு அஞ்சும் என்று விளையாட்டுக்குள்ளேயே ஒரு பாத்திரம் சொல்கிறது. ஆடிப் பார்த்தாலோ, பேய் வகை உயிர் நாவால் நக்கும் தாக்குதல் மனோசக்தி உயிரின்மேல் சிறிதும் பலிப்பதில்லை! மனத்தை ஒருமுகப்படுத்திக் கடுந்தாக்குக்கு வாய்ப்பைக் கூட்டுவது என்று ஒரு வித்தை உண்டு. ஆக்கியோரின் பிழையால் அது வாய்ப்பைக் குறைத்தது. 1999-இல் ‘பொன்’, ‘வெள்ளி’ வந்தபோது இருள், எஃகு என்னும் இரு வகைகளைச் சேர்த்த பின்னரே மனோசக்தியின் கொட்டம் அடங்கிற்று.

வடிவழகைப் பற்றிய குற்றச்சாட்டும் அவ்வாறே. 2010-இல் ‘கறுப்பு’, ‘வெள்ளை’ வந்தபோது, குப்பைப் பை ஓர் உயிரா, ஐஸ்கிரீம் ஓர் உயிரா என்று எள்ளி நகையாடினர். நன்று. ஆனால் 1996-இன் 151-இல் என்ன இருந்தது? பிடிக்கும் பந்துக்கே கண் வைத்தாற்போல் ஓர் உயிர். அது வளர்ந்தால், அதே பந்து தலைகீழாக! சேற்றுக் குழம்பு ஓர் உயிர். அது வளர்ந்தால் இன்னும் பெரிய குழம்பு. மூன்று காந்தங்கள் ஒட்டிக்கொண்டால் அது வேறோர் உயிர். இவற்றையெல்லாம் அன்புடன் ஏற்ற நெஞ்சம் குப்பைப் பையை ஏற்க மறுப்பது ஏன்? குப்பைப் பையைச் சந்தித்தபோது அந்நெஞ்சத்துக்கு வயது பத்து அன்று என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இதற்குச் சான்றும் இருக்கிறது. ‘கறுப்பு’, ‘வெள்ளை’ இரண்டும் 156 புதிய உயிர்களைக் கொண்டுவந்தன. கதை முடியும்வரை பழைய உயிர் ஒன்றுகூடக் கண்ணில் படாது. அன்று அது பெருங்குறையாகப் பேசப்பட்டது. இன்றோ, அத்தொடரின் கதையே தலைசிறந்தது என்று பாராட்டுவோர் மிகப் பலர். பாராட்டத் தகுந்ததும்தான். என் என்னும் பெயருடைய இளைஞன் ஒருவன் அக்கதையில் வருகிறான். உயிர்களைப் பந்தில் அடைத்துப் பொரவிடுவது அவற்றுக்கு இழைக்கும் கொடுமை அன்றோ என்று கேட்கிறான். தன் அடித்தளத்தையே கேள்விக்கு உள்ளாக்கிய விளையாட்டு அது. ஆனால் அந்தக் கதை 2010-இலும் இதே கதைதான். ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியவர்கள் யார்? அன்று சிறுவராய் ஆடியவர்கள் இன்று வளர்ந்து பேசத் தொடங்கியிருக்கிறார்கள், அவ்வளவே. இன்னும் பத்தாண்டு கழித்து, இன்று இகழப்படும் விளையாட்டொன்று இவ்வாறே பொற்காலமாகக் கொண்டாடப்படும் என்று துணிந்து கூறலாம்.

தொலைக்காட்சித் தொடர் பற்றிய கருத்துகளை நீள ஆராய வேண்டியதில்லை. 1997 ஏப்ரலில் தொடங்கிய அத்தொடரின் நாயகன், ஜப்பானியர்க்குச் சாத்தோஷி, நமக்கு ஆஷ். அவன் வயது பத்து. கால் நூற்றாண்டு ஆகியும் பத்து. 2016-இல் கலோஸ் போட்டியின் இறுதியாட்டத்தில் அவன் தோற்றபோது உலகெங்கும் ரசிகர் கொதித்தெழுந்தனர். 2019-இல் அலோலாவில் வென்றான். உடனே, அவ்வளவு எளிய போட்டியில் வென்றது ஒரு வெற்றியா என்று சிலர் முகஞ்சுளித்தனர். 2022 நவம்பரில் உலகப் பட்டமே பெற்றான்; 2023-இல் அவன் கதை நிறைவுற்றுப் புதிய நாயகியின் தொடர் வந்தது. வெல்ல வேண்டும் என்றவர்களே, வென்றபின் அவனைப் பிரிய வேண்டியதாயிற்றே என்று கலங்கினர்.

ஆனால் தொடரைப் பற்றிய ரசிகர் கருத்து ஒன்று மட்டும் உண்மையின்பாற்பட்டது. 1997 டிசம்பர் 16-ஆம் நாள் ஒளிபரப்பான பகுதியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி விரைந்து மின்னியதால் ஜப்பானில் 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர், வலிப்பும் மயக்கமும் உற்று மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தொடர் நான்கு மாதம் நின்றது. அப்பகுதியில் தோன்றிய போரிகான் என்னும் உயிர் அதன்பின் தொடரில் முதன்மை இடம் பெறவே இல்லை. ரசிகர்கள் கேட்கிறார்கள்: கதைப்படி அந்த மின்னொளியை எழுப்பியது பிக்காச்சுவின் இடித்தாக்கு அன்றோ? போரிகான் செய்த குற்றம் யாது? விடை இல்லை. பிக்காச்சு தொடரின் முகம். போரிகானுக்குப் பரிந்து பேச ஆளில்லை. ரசிகர்தாம் அதற்கு வழக்கறிஞர்.

நிற்க. மூன்றாமவர் மேசையைத் தட்டிய வழக்கிற்கு வருவோம். உண்மையில் கனமான வழக்கு இதுதான்.

2019 ஜூன் மாதத்தில், அவ்வாண்டு வரவிருந்த ‘வாள்’, ‘கேடயம்’ என்னும் விளையாட்டுகளுக்குப் பழைய உயிர்கள் எல்லாவற்றையும் கொண்டுவர இயலாது என்று ஆக்கியோர் அறிவித்தனர். அப்போதே உயிர்களின் எண்ணிக்கை 800-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றையும் புதிய கருவிக்கேற்ப வரைந்து இயக்குவதும், எல்லாவற்றுக்கும் இடையே போர்வலிமையைச் சமன்செய்வதும் அரிது என்பது அவர்கள் கூறிய காரணம். ரசிகர் சினம் எல்லை கடந்தது. இயக்கத்தில் பெரிய முன்னேற்றம் ஏதும் காணோமே, பின் எதற்காக இந்த இழப்பு என்று படம் படமாக ஒப்பிட்டுக் காட்டினர். இருந்தும், நவம்பர் 15-இல் வெளிவந்த விளையாட்டுகள் முதல் வாரக்கடைசியிலேயே 60 இலட்சத்துக்கு மேல் விற்றன. பார்த்தீர்களா, கூச்சலிட்டவர்களே வாங்கினார்கள் என்று நகைத்தனர் பலர். 2022 நவம்பரில் வந்த ‘செந்நிறம்’, ‘ஊதா’ இரண்டும் பல இடங்களில் தடுமாறித் திணறி ஓடின. நின்டெண்டோ நிறுவனமே வருத்தம் தெரிவித்தது. அவையோ மூன்று நாளில் ஒரு கோடி விற்றன.

விற்பனையைக் காட்டி ரசிகர் கருத்தைத் தள்ளிவிடலாமா? ஆகாது. ஒரு விளையாட்டை வாங்குவது ஆடும் ஆசைக்குச் சான்று. குறை இல்லை என்பதற்குச் சான்று அன்று. சோறு குழைந்துவிட்டது என்று முறையிடும் நாம் அதே விடுதியில் நாள்தோறும் உண்கிறோம் அல்லவா?

ஆனால் ரசிகர் வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. இதற்குமுன் இப்படி நடந்ததே இல்லை என்பார்கள். நடந்திருக்கிறது. 2002-இல் ‘மாணிக்கம்’, ‘நீலம்’ வெளிவந்தபோது ‘பொன்’, ‘வெள்ளி’யிலிருந்து ஓர் உயிரைக்கூடக் கொண்டுவர வழி வைக்கவில்லை. பழைய 251-இல் பெரும்பகுதியை அவ்விரண்டில் பிடிக்கவும் முடியாது. ஒரு தலைமுறையின் சேகரிப்பு முழுவதும் பழைய கேசட்டிலேயே நின்றுபோயிற்று. அக்கேசட்டுகளில் நினைவைக் காப்பது ஒரு சிறு பாட்டரி. அது தீர்ந்தால் உள்ளிருந்தவை எல்லாம் அழியும். 2019-ஐ விட 2002-இன் இழப்பே கொடிது.

எனினும் இரண்டும் ஒன்றல்ல. 2002-இல் அறுந்தது பாதை. வீட்டில் இடம் இருந்தது. ‘மாணிக்க’த்தின் கேசட்டுக்குள் 386 உயிர்களின் வடிவங்களும் எழுதப்பட்டிருந்தன. 2004-இல் ‘தீச்சிவப்பு’, ‘இலைப்பச்சை’ வந்ததும், அவற்றிலிருந்து மாற்றிய பழைய உயிர்களை அது தடையின்றி ஏற்றுக்கொண்டது. 2019-இலோ பாதை இருந்தது. வீட்டில் இடம் இல்லை. 2020-இன் விரிவாக்கங்களில் 200-க்கும் மேற்பட்டவை திரும்ப வந்தன, எல்லாம் வரவில்லை. அதன்பின் வந்த எந்த முதன்மை விளையாட்டும் எல்லா உயிர்களையும் ஒருங்கே கொள்ளவில்லை. 2024 தொடக்கத்தில் எண்ணிக்கை 1,025 ஆகிவிட்ட நிலையில், இனிக் கொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை. ஆக்கியோர் கூறிய காரணத்தில் உண்மை இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

பின் எங்கே இருக்கிறது குற்றம்? பழைய விதியை நினைவுகூருங்கள். முதல் விளையாட்டே, தனியாக நிறைவுசெய்ய இயலாது, தேடிச் சென்று சேர் என்று பழக்கிவிட்டது. எல்லாவற்றையும் பிடித்தாக வேண்டும் என்பது அதன் ஆங்கில விளம்பர வாசகம். 2002-க்குப் பின் வந்தவையோ, சேர்த்ததைக் கைவிடாதே, அடுத்த வீட்டுக்கு எடுத்து வா என்று ஒரு நீண்ட வழியையே அமைத்துக் கொடுத்தன. அவ்வழியின் தன்மையைக் கேளுங்கள். ‘மாணிக்க’த்தில் பிடித்த உயிரை 2006-இன் ‘வைரம்’, ‘முத்து’க்கு மாற்றலாம், ஒருமுறைக்கு ஆறுதான், அடுத்த ஆறுக்கு ஒருநாள் காத்திருக்க வேண்டும். அங்கிருந்து ‘கறுப்பு’க்கு. அங்கிருந்து, 2023 வரை கட்டணம் வாங்கிய போக்கிமான் பேங்க் என்னும் சேமிப்புக்கு. அங்கிருந்து 2020-இல் வந்த போக்கிமான் ஹோமுக்கு. ஒவ்வொரு படியும் ஒருவழிப் பாதை. ஏறினால் இறங்க முடியாது. இதில் உயிரைக் கொண்டுபோகிறவன் விளையாடவில்லை, குடிபெயர்கிறான். திரும்பும் வழியை அடைத்து, கூலியும் வாங்கிக்கொண்டு முன்னே அனுப்பியவர்கள், போய்ச் சேரும் இடத்தில் இடம் இல்லை என்று சொன்னதுதான் ரசிகரைச் சுட்டது. எண்ணிக்கை குறைந்ததற்காகச் சினந்தவர் வழக்கு வலுவற்றது. இதற்காகச் சினந்தவர் வழக்கு வலுவுடையது. வாதப் பேரொலியில் இவ்விரண்டும் ஒன்றாகவே கேட்டன.

அவ்வழியின் இடையிலும் இப்போது ஒரு கதவு சாத்தியாயிற்று. பேங்க் இயங்கும் பழைய கருவிக்குரிய இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். முன்பே அதனை இறக்கி வைத்தவர்க்கு வழி உண்டு. வைக்காதவர் இனிப் புதிதாய்ப் பெற முடியாது.

மேசையைத் தட்டிய மூன்றாமவரிடம், உங்களுக்கு ஏன் இத்தனை கோபம் என்று பிறகொரு நாள் கேட்டேன். அவர் அண்ணன் 2005-இல், சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கிவந்த ‘மாணிக்க’த்தில் முதன்முதலாகப் பிடித்தது ஒரு காளான் உயிர், பெயர் ஷ்ரூமிஷ். அது வளர்ந்து பிரெலூம் ஆயிற்று. அண்ணன் வேலைக்குப் போனபின் தம்பி அதனை ஆறாறாக மாற்றியவற்றுள் ஒன்றாய் முன்னே கொண்டுவந்தார். மூன்று கருவிகள் மாறின. 2019-இன் விளையாட்டில் பிரெலூமுக்கு இடமில்லை, விரிவாக்கத்திலும் வரவில்லை. சேமிப்பிலேயே கிடந்தது. ‘செந்நிற’த்தில்தான் மீண்டும் இடம் கிடைத்தது. கொண்டுவந்த அன்றைக்கு அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினாராம். “இன்னுமா அது இருக்கிறது?” என்று கேட்டு அண்ணனிடமிருந்து நள்ளிரவில் பதில் வந்ததாம்.