மூணு சின்ன மாற்றம், வாரம் ஒரு ஊசி

இந்த வாரம் ஓசெம்பிக் பற்றிப் பேசினோம் இல்லையா? நேரமில்லாம விட்ட வேதியியல் பகுதி இதோ.

சாப்பிட்டதும் நம்ம குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை விடும். இன்சுலின் சுரக்க அது உதவும். 31 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைட் அது. ஆனா ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 2 நிமிஷம்தான். இரண்டாவது இடத்தில் அலனின் இருப்பதைப் பார்த்து, டிபிபி-4 என்ற என்சைம் அங்கேயே வெட்டிடும்.

ஓசெம்பிக்கில் உள்ள செமாக்ளூடைடில் மூணு மாற்றம்:

1. அந்த அலனினில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துட்டு ஒரு மெத்தில் தொகுதி. இப்போ என்சைமால் சுலபமா வெட்ட முடியாது.

2. ஒரு லைசினில் 18 கார்பன் உள்ள கொழுப்பு அமிலச் சங்கிலி. இது ரத்தத்தில் இருக்கும் ஆல்புமினைப் பிடிச்சுக்கும். அதனால் சிறுநீரகம் சீக்கிரம் வடிகட்டி வெளியேத்தாது.

3. இன்னொரு லைசினுக்குப் பதிலா ஆர்ஜினின். இல்லேன்னா அந்தச் சங்கிலி அங்கேயும் ஒட்டிக்கும்.

பலன்: அரை ஆயுள் ஏறக்குறைய 1 வாரம். ஆனாலும் செல்லில் இருக்கும் ஏற்பி இதை ஜிஎல்பி-1 மாதிரியே ஏத்துக்குது. கஷ்டமான வேலையே அதுதான்.

வீட்டில் அம்மாவோ அப்பாவோ "இது மட்டும் ஏன் வாரத்துக்கு ஒரு தடவை?"ன்னு கேட்டா, இனி நீங்களே சொல்லலாம்.