விண்வெளித் தகவலும் அதை அலசும் மென்பொருளும்

மல்லேஸ்வரம்வாசிகளுக்கு விஞ்ஞானம் புதிதன்று. சர் சி.வி. ராமன் அவர்கள் வாழ்ந்த 'பஞ்சவடி' இல்லம் இங்கேதான் உள்ளது. டாடா இன்ஸ்டிட்யூட்டோ அருகிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் மென்பொருள் துறையில் பணிபுரிகின்றனர். ஆகவே, விஞ்ஞானமும் மென்பொருளும் சந்திக்கும் ஒரு கேள்வியை இங்கு ஆராய்வோம். மக்கள் வரிப்பணத்தில் திரட்டிய விஞ்ஞானத் தகவல்களை அரசு வெளியிடுகிறது. அவற்றை அலசும் மென்பொருளையும் அப்படியே வெளியிடுவது ஏன் எளிதாக இல்லை?

நெல்லும் மில்லும்

இஸ்ரோவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 28-9-2015 அன்று விண்ணில் ஏவப்பட்டது. அதன் தகவல்கள் பெங்களூரை அடுத்த பைலாலுவில் உள்ள விண்வெளி விஞ்ஞானத் தகவல் மையத்தில் சேமிக்கப்படுகின்றன. 2018 செப்டம்பரில் இவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

ஆனால் வந்து சேருவது நேரடியாகப் பார்க்கத்தக்க படமன்று. அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி நொடிக்குச் சுமார் 29 படங்கள் எடுத்தது. செயற்கைக்கோள் மெல்ல அசைவதால், ஒரே விண்மீனின் ஒளி ஒவ்வொரு படத்திலும் சற்று விலகி விழும். அந்த விலகலை அளந்து, திருத்தி, ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றாகச் சேர்த்தால்தான் விண்மீன் தெளிவாகத் தெரியும். இதைச் செய்வது மென்பொருள். தகவல் நெல் என்றால், மென்பொருள் அதை அரிசியாக்கும் மில். நெல்லை மட்டும் மூட்டை மூட்டையாகக் கொடுத்தால் உலை வைக்க முடியுமா?

தடைகள் என்ன?

1. உரிமை: நமது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், அரசுப் படைப்பின் முதல் உரிமையாளர் அரசே. அவ்வுரிமை 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே முறையான அனுமதி ஆவணமின்றி எவரும் அதை மாற்றவோ பகிரவோ இயலாது. அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர் தம் பணியில் எழுதியதற்கு அந்நாட்டில் பதிப்புரிமையே இல்லை. எனினும், ஒப்பந்த நிறுவனங்கள் எழுதிய பகுதிகளில் அங்கும் சிக்கல் எழும்.

2. பராமரிப்பு: எழுதியவர்களுக்குப் புரிந்தால் போதும் என்று எழுதிய நிரலை வெளியார் பயன்படுத்த வேண்டுமானால், விளக்கக் குறிப்பு வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். திட்டச் செலவில் இதற்கு இடம் ஒதுக்காவிட்டால் வேலை நின்றுவிடும்.

3. சார்பு: விலை உயர்ந்த வேறொரு மென்பொருளை நம்பி எழுதப்பட்டிருந்தால், இலவசமாகக் கிடைத்தும் சிறிய கல்லூரியால் இயக்க முடியாது.

4. பாதுகாப்பு: செயற்கைக்கோளின் இயக்க விவரங்கள் நிரலில் கலந்திருந்தால் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும்.

அரசின் மென்பொருள் நிரல்களைத் திறந்துவிடுவதற்கென மத்திய அரசு 2015இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. கொள்கை வந்துவிட்டதால் மட்டும் மேற்கண்ட வேலைகள் தாமாக முடிந்துவிடுவதில்லை.

முடியும் என்பதற்குச் சான்று

கோரமங்களாவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிலையத்தின் ஜயந்த் மூர்த்தி குழுவினர், இதே தொலைநோக்கியின் தகவல்களை அலச 'ஜூட்' என்ற மென்பொருளை எழுதி, திறந்த உரிமத்துடன் வெளியிட்டனர். இலவசமாகக் கிடைக்கும் ஜி.டி.எல். மொழியில் அதை எழுதியது குறிப்பிடத்தக்கது. கனடாவிலிருந்தும் ஒரு மென்பொருள் வந்தது. ஒரே தகவலை இருவேறு மென்பொருள்கள் அலசும்போது, விடைகள் மாறுபட்டால் பிழை எங்கே என்று தேட வழி பிறக்கிறது. கணக்குப் போட்ட வழியைக் காட்டாத விடைக்கு ஆசிரியர் முழு மதிப்பெண் தருவாரா? விஞ்ஞானத்திலும் அப்படியே.

தருமபுரியிலோ தும்கூரிலோ ஒரு சிறு கல்லூரி மாணவிக்குத் தொலைநோக்கி கட்டப் பணமில்லை. தகவலும் மென்பொருளும் சேர்ந்து கிடைத்தால், ஒரு சாதாரணக் கணிப்பொறியைக் கொண்டே அவளும் ஆராய்ச்சி செய்யலாம். ஆகவே மென்பொருள் வெளியீட்டுக்கான ஆளும் பணமும் திட்டத்தின் முதல் நாளிலேயே ஒதுக்கப்பட வேண்டும். மென்பொருள் அறிந்த நம் இளைஞர்களும் இத்தகைய திறந்த நிரல்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதியும் பிழை திருத்தியும் உதவலாம்.