மீள் மாற்றமும் மீளா மாற்றமும்

நுழையும்முன்
நம்மைச் சுற்றியுள்ள பொருள்கள் நாள்தோறும் மாறுகின்றன. சில பொருள்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன, சில திரும்புவதில்லை. இவ்வேறுபாட்டை நாம் வாழும் மலையிலும் சமவெளியிலும் காணும் சான்றுகளால் அறிவோம்.

மீள் மாற்றம்
மார்கழி மாதக் காலையில் மூணாறில் தேங்காய் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தால் ஒரு துளியும் விழாது. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்து வெண்மையாகும். குப்பியை இளவெந்நீரில் வைத்தால் அது உருகி முன்போல் ஓடும். வெப்பம் மிகுந்த பாலக்காட்டுச் சமவெளியிலோ, பெரும்பாலும் அது நீர்மமாகவே இருக்கும். உறைந்தாலும் உருகினாலும் பொருள் ஒன்றே. இவ்வாறு பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றம் மீள் மாற்றம் எனப்படும்.

மீளா மாற்றம்
தோட்டத்தில் பறித்த பச்சைக் கொழுந்தைத் தேயிலை ஆலையில் வாட்டி, உருட்டி நசுக்குவர். இலைச்சாறு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து செம்பழுப்பு நிறம் பெறும். பின்னர் வெப்பக்காற்றில் உலர்த்தினால் கருநிறத் தேயிலை கிடைக்கும். அதனை எத்தனை நாள் நீரில் ஊறவைத்தாலும் பச்சைக் கொழுந்து ஆகாது. புதிய பொருள்கள் உண்டாகிவிட்டன. இது மீளா மாற்றம்.

களிமண் இரண்டையும் காட்டும். வெயிலில் காய்ந்த பச்சைப் பானையை நீரில் ஊறவைத்தால் மீண்டும் களிமண்ணாகும். சூளையில் சுட்ட பானை உடைந்தால் ஓடுதான் கிடைக்கும், களிமண் கிடைக்காது.

ஒரே காலையில் இரு மாற்றங்கள்
கடுங்குளிர் காலத்தில் மூணாறு மலைகளில் சில இரவுகளில் காற்றிலுள்ள நீராவி உறைபனியாகத் தேயிலைச் செடிகளின் மீது படியும். வெயில் ஏறியதும் அது உருகி, ஆவியாகி, மீண்டும் காற்றில் கலக்கும். இது மீள் மாற்றம். ஆனால், இலையினுள் உள்ள நீர் உறையும்போது அதன் நுண்ணறைகள் சிதைகின்றன. அவ்விலை வெயிலில் கருகிவிடும். மீண்டும் பசுமை அடையாது. புதுத் தளிர் வரும்வரை கொழுந்து குறையும். கொழுந்தின் எடைக்கேற்பத் தொழிலாளர் பெறும் கூடுதல் கூலியும் குறையும். பனி மறைந்துவிடும், அது செய்த இழப்பு உடனே மறைவதில்லை.

அறிந்து செய்வோம்
மீளா மாற்றம் எல்லாம் தீயதன்று. அரிசி சோறாவதும் கொழுந்து தேயிலையாவதும் மீளா மாற்றங்களே. அவை நமக்கு உணவும் தொழிலும் தருகின்றன. ஆனால், நெகிழிப் பையை எரித்தால் எழும் நச்சுப் புகையை மீண்டும் பையாக்க இயலாது. ஆகவே, திருப்ப முடியாத செயலைச் செய்யுமுன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொற்பொருள்
நீர்மம் – நீர்போல் ஓடும் பொருள்
நுண்ணறை – உயிர்ப்பொருளின் மிகச் சிறிய அறை, செல்
சூளை – மண்பாண்டம் சுடும் இடம்

மொழியறிவோம்
'மீளாத' என்னும் சொல்லின் ஈறு கெட்டு 'மீளா' என நின்றது. வாடா மலர், அழியாப் புகழ் என்பனவும் அவ்வாறே அமைந்தவை.

பயிற்சி
1. மீள் மாற்றம், மீளா மாற்றம் எனப் பிரித்து எழுதுக: மெழுகு உருகுதல், விறகு எரிதல், பால் தயிராதல், உப்பு நீரில் கரைதல்.
2. உறைபனி மறைந்த பின்னும் தேயிலைத் தொழிலாளர்க்கு இழப்பு நீடிப்பது ஏன்?
3. மறையூர் வெல்லம் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வெல்லம் கரைத்த நீரைக் காய்ச்சினால் என்ன கிடைக்கும்? வெல்லத்திலிருந்து கரும்புச் சாற்றைத் திரும்பப் பெற முடியுமா? காரணம் கூறுக.
4. உங்கள் வீட்டுச் சமையலறையில் நிகழும் மாற்றங்களைப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் தமிழில் எழுதுக.